கீழாநெல்லியும் மூன்று காமாலைகளும்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் வரப்போரம், வாழைத்தோட்டம், கொல்லையில் பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் இடம் என்று எங்கும் கீழாநெல்லி தானாக முளைத்துவிடும். அதிகம் போனால் முழங்கால் உயரம். இலைக்கு அடிப்பக்கமாக, காம்பை ஒட்டி வரிசையாகத் தொங்கும் கடுகைவிடச் சற்றுப் பெரிய காய்கள்தான் அடையாளம். பொழுது சாய்ந்தால் இலைகள் மடிந்துகொள்ளும். நாம் ஊறுகாய் போடும் நெல்லியும் இதுவும் ஃபில்லாந்தஸ் என்ற ஒரே பேரினம். மற்ற நாளில் களையென்று பிடுங்கி எறியப்படும் இந்தச் செடியை, தெருவில் ஒருவர் கண் மஞ்சளித்துவிட்டது என்று தெரிந்தால் ஊரே தேடிப்போகும்.

கொடுக்கும் முறை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், அடிப்படை ஒன்றுதான். வேரோடு பிடுங்கி, மண் போகக் கழுவி, சமூலமாக அம்மியில் அரைத்து, கொட்டைப்பாக்கு அளவிலிருந்து எலுமிச்சங்காய் அளவுவரை உருட்டி, மோரில் கலக்கி, விடிகாலையில் வெறும் வயிற்றில் குடிப்பது. மூன்று நாள், ஐந்து நாள், ஏழு நாள் என்று கணக்கு. சிலர் சீரகமும் மிளகும் சேர்ப்பார்கள். சிலர் ஆமணக்குக் கொழுந்தையும் சேர்த்து அரைப்பார்கள். ஆட்டுப்பாலில்தான் கொடுக்க வேண்டும் என்பவர்களும் உண்டு. பரம்பரையாக மருந்து கொடுக்கும் சில குடும்பங்களில் காசு வாங்கமாட்டார்கள், வாங்கினால் மருந்து பலிக்காது என்பார்கள். இவற்றோடு பத்தியம்: உப்பு, புளி, காரம், எண்ணெய், மாமிசம் எல்லாம் தள்ளுபடி. கள்ளும் சாராயமும் கிட்டவே வரக்கூடாது. வெயிலில் அலையக்கூடாது, படுத்திருக்க வேண்டும்.

காமாலைக்கு மட்டும் என்றில்லை. நீர்க்கடுப்பு, வெள்ளைபடுதல், உடற்சூடு, சர்க்கரை, ஆறாத புண் என்று சித்த மருத்துவம் இதற்குப் பல வேலைகள் கொடுத்திருக்கிறது. ஆயுர்வேதத்தில் இது பூம்யாமலகி. இலங்கைச் சிங்கள வைத்தியத்தில் பிட்டவக்கா. பிரேசிலில் இதன் இனத்துச் செடிகளைச் சிறுநீரகக் கல்லுக்குக் கஷாயம் வைத்துக் குடிக்கிறார்கள். அங்கே அதற்குக் ‘கல்லுடைப்பான்’ என்ற பொருளில்தான் பெயர். ஆனால் தமிழ்நாட்டில் கீழாநெல்லியின் புகழ் முழுக்கக் காமாலையில் நிற்கிறது. அந்தப் புகழ் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதுதான் இங்கே கேள்வி.

அதைப் பார்ப்பதற்கு முன் காமாலையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அது ஒரு நோயல்ல, ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் ஏறிவிட்டதன் அடையாளம். நம் ரத்தச் சிவப்பணுக்களுக்கு ஆயுள் சுமார் 120 நாள். உடைந்த அணுக்களிலிருந்து வரும் பிலிருபினைக் கல்லீரல் பதப்படுத்தி, பித்தநீரில் கலந்து, குடலுக்கு அனுப்பிவிடும். ஒரு டெசிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவில் இருப்பது வழக்கம். இரண்டரை, மூன்றைத் தாண்டினால் கண்ணின் வெள்ளையில் தெரியும். தடங்கல் மூன்று இடத்தில் வரலாம். அணுக்கள் அளவுக்கு மீறி உடைவது முதல் வகை; மலேரியாவும் பரம்பரை ரத்த நோய்களும் இதில் அடக்கம். கல்லீரல் செல்களே அடிவாங்குவது இரண்டாவது. வைரஸ், மது, மாத்திரைகள், எலிக்காய்ச்சல் ஆகியவை இங்கே. கல்லீரலைத் தாண்டிப் பித்தநீர் ஓடும் குழாய் அடைபடுவது மூன்றாவது. கல், கணையத்தின் தலைப்பகுதியில் புற்றுநோய், பச்சிளங்குழந்தையின் பித்தக்குழாய் வளராமல் போவது போன்றவை இதில் வரும். கண்ணாடியில் பார்த்தால் மூன்றும் ஒரே மஞ்சள்.

நம் ஊர்களில் அதிகம் வருவது இரண்டாவது வகை. அதிலும் குடிநீரில் சாக்கடை கலப்பதால் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் இ. டெல்லியில் 1955-56இல் நகரக் குடிநீரில் கழிவுநீர் கலந்து சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்ததே, அது இ வைரஸின் வேலை என்று பல்லாண்டு கழித்துத்தான் தெரிந்தது. இந்த இரண்டு வைரஸ்களுக்கும் ஒரு பொதுக் குணம்: பெரும்பாலானோரிடம் சில வாரம் இருந்துவிட்டுத் தாமாகவே போய்விடும். உடலின் நோயெதிர்ப்புச் சக்தி வைரஸைத் துடைத்தெறிகிறது, கல்லீரல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது. முதல் வாரம் காய்ச்சலும் குமட்டலும்; மஞ்சள் தெரியத் தொடங்கும்போது பலருக்குக் காய்ச்சல் விட்டிருக்கும், பசி மெல்லத் திரும்பும்.

வைத்தியரிடம் ஓடுவது எப்போது? மஞ்சள் தெரிந்த பிறகு. அதாவது உடல் மீட்சிப் பாதையில் திரும்பும் வேளையில் மருந்து உள்ளே போகிறது. அந்த நிலையில் எதைக் கொடுத்தாலும், எதையும் கொடுக்காமல் விட்டாலும், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் பிழைத்துக்கொள்வார்கள். ஒரு கிராமத்து வைத்தியர் முப்பது வருடம் மருந்து கொடுத்து, ‘என்னிடம் வந்தவர் கெட்டுப்போனதில்லை’ என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. கெட்டுப்போனவர்கள் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட்டதால் அவர் கணக்கில் வரவில்லை என்பது வேறு விஷயம்.

பத்தியத்தையும் இந்த இடத்தில் மதிப்போடு பார்க்க வேண்டும். ஓய்வு, எளிதில் செரிக்கும் மோர்ச்சோறு, மதுவை அறவே விடுவது. அடிபட்ட கல்லீரலுக்கு இன்றைய மருத்துவமும் இதைத்தான் முதலில் சொல்கிறது. குடிப்பழக்கத்தால் காமாலை கண்ட ஒருவரைக் கீழாநெல்லியின் பெயரால் ஒரு மண்டலம் சாராயத்திலிருந்து விலக்கி வைத்துவிட்டால், அவர் தேறியதற்குக் காரணம் விழுதா விலக்கா என்று கேட்கத்தான் வேண்டும். என் எண்ணத்தில் விலக்கின் பங்கு பெரிது. ஆனால் உப்பையும் பருப்பையும் வாரக்கணக்கில் நிறுத்தி, ஏற்கெனவே வாந்தியில் துவண்ட உடலைப் பட்டினி போடுவது பத்தியத்தின் இன்னொரு முகம். அதற்கு எந்த நியாயமும் இல்லை.

இனி, கீழாநெல்லி சோதனைச்சாலைக்குள் நுழைந்த கதை. அதன் முதல் அத்தியாயம் சென்னையில் நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் இருந்த நுண்ணுயிரியல் ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜனும் அவர் குழுவினரும், கரிசலாங்கண்ணியும் கீழாநெல்லியும் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேற்புறப் புரதத்தைச் சோதனைக் குழாயில் செயலிழக்கச் செய்வதாக 1982இல் எழுதினார்கள். அந்தப் புரதத்தைக் கண்டுபிடித்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்றவர் அமெரிக்கரான பரூக் பிளம்பர்க். அவருடைய பிலடெல்ஃபியா ஆய்வுக்கூடமும் இதில் இறங்கியது. கீழாநெல்லிச் சாறு வைரஸ் தன்னை நகலெடுக்கப் பயன்படுத்தும் நொதியைத் தடுக்கிறது என்றும், அதே வகை வைரஸ் தொற்றிய வுட்சக் என்ற வளைவாழ் விலங்குகளுக்கு ஊசியாகச் செலுத்தியபோது சிலவற்றில் தொற்று தணிந்தது என்றும் 1987இல் அவர்கள் தெரிவித்தார்கள்.

அடுத்த ஆண்டு லான்செட் இதழில் வந்த சென்னை ஆய்வுதான் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றைச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு 200 மில்லிகிராம் கீழாநெல்லிப் பொடியைக் காப்ஸ்யூலில் அடைத்து, தினம் மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு மருந்தில்லாத வெற்றுக் காப்ஸ்யூல். முடிவில், மருந்து உண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து அந்தப் புரதம் மறைந்திருந்தது. மற்றக் குழுவின் 23 பேரில் ஒரே ஒருவருக்குத்தான். 59 சதவீதம் எதிர் 4 சதவீதம். நாள்பட்ட தொற்று உள்ளவர்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் பேருக்குத்தான் அது தானாக மறையும் என்பதை வைத்துப் பார்த்தால், இது வியக்கத்தக்க எண். இன்றைய விலையுயர்ந்த மருந்துகள்கூட இதன் பக்கத்தில் வர முடியாது.

வியக்கத்தக்க எண் என்பதாலேயே சந்தேகமும் எழுந்தது. சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினர் கடைசிச் சோதனைக்கு வரவில்லை, அவர்களில் பெரும்பாலோர் வெற்றுக் காப்ஸ்யூல் குழுவினர். கண்காணித்த காலமும் குறைவு. ஆய்வாளர்களே இதை முதற்கட்ட ஆய்வு என்றுதான் அழைத்தார்கள். செய்தித்தாள்கள் அந்தச் சொல்லை விட்டுவிட்டன.

பிறகு மற்றவர்கள் செய்து பார்த்தார்கள். 1990இல் தாய்லாந்து மருத்துவர்கள் அதே லான்செட்டில் எழுதினார்கள்: புரதம் மறையவில்லை. 1994இல் மும்பையைச் சேர்ந்த குழு இரண்டு கட்டமாகச் சோதித்து அதையே சொன்னது. அதே ஆண்டு நியூசிலாந்திலிருந்தும் அதே விடை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2011இல் அதுவரை நடந்த 16 ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டது. வெற்று மருந்தைவிட ஃபில்லாந்தஸ் மேல் என்று நம்புவதற்குப் போதிய சான்றில்லை, வைரஸ் எதிர்ப்பு மருந்தோடு சேர்த்துக் கொடுத்த ஆய்வுகளில் சில நல்ல அறிகுறிகள் இருந்தாலும் அவற்றின் தரம் குறைவு என்பது அதன் முடிவு.

முரண்பாட்டுக்குக் காரணம் என்னவாக இருக்கலாம் என்று தேடியவர்கள் செடியிடமே திரும்பினார்கள். இந்தியத் தாவர நூல்கள் பல காலம் ‘ஃபில்லாந்தஸ் நிரூரி’ என்று ஒரே பெயரில் எழுதிவந்தது உண்மையில் ஒரு செடி அல்ல. அந்தப் பெயருக்குரிய செடி மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்தது; நம் வரப்பில் இருப்பவை அமாரஸ், டெபிலிஸ், ஃப்ரேட்டர்னஸ் எனப் பல இனங்கள் என்பதை 1985இல் மித்ரா, ஜெயின் என்ற இரு தாவரவியலாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். நாட்டு மருந்துக் கடைகளில் இந்தக் கலவை இன்றும் தொடர்கிறது. தென்னிந்தியக் கடைகளில் ‘கீழாநெல்லி’ என்று வாங்கிய மாதிரிகளை மரபணு முறையில் பரிசோதித்து 2010இல் வெளியான ஆய்வில், கீழாநெல்லி என்று பொதுவாகக் கொள்ளப்படும் அமாரஸ் முக்கால் பங்கு கடைச்சரக்கில்தான் முதன்மையாக இருந்தது. மீதியில் வேறு ஐந்து ஃபில்லாந்தஸ் இனங்கள். சேகரிப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. காய்ந்து பொடிந்த பிறகு வித்தியாசம் கண்டுபிடிக்கத் தாவரவியல் படித்தவரே திணறுவார்.

இந்தக் கலவையில் என்னென்ன சரக்கு இருக்கிறது என்பது ஓரளவு தெரிந்ததே. ஃபில்லாந்தின் என்ற கசப்புப் பொருளை டி.ஆர். சேஷாத்ரியும் உடனாய்வாளரும் 1946இலேயே விவரித்தார்கள். ஹைப்போஃபில்லாந்தின், ஜெரானின், கோரிலாஜின் என்று பிறகு பட்டியல் நீண்டது. கல்லீரலைக் கெடுக்கும் நச்சுகளை எலிகளுக்குக் கொடுத்து, கூடவே கீழாநெல்லிச் சாற்றையும் கொடுத்தால் சேதம் குறைவதாகப் பல ஆய்வுகள் உண்டு. எலிக்கு நச்சும் மருந்தும் நாம் விரும்பிய நேரத்தில் போகிறது. மனிதருக்கு நோய் முற்றிய பிறகு போகிறது. அந்த இடைவெளியை நிரப்பாமல் ‘விஞ்ஞானமே ஒப்புக்கொண்டது’ என்று புட்டியின் மேல் அச்சடிப்பது வியாபாரம்.

சரி, குடித்தால் கெடுதல் உண்டா? நேர்மையான பதில்: வழக்கமான அளவில், சில நாட்களுக்கு, ஆரோக்கியமான பெரியவர் ஒருவர் குடித்தால் பெரிய கெடுதல் எதுவும் வருவதாகத் தெரியவில்லை. மேலே சொன்ன ஆய்வுகளில், தோற்றவை உட்பட, பக்கவிளைவு மிகக் குறைவே. சீந்தில் கொடியோடு ஒப்பிட்டால் இது புரியும். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் குடித்தவர்கள் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். கீழாநெல்லி மீது அப்படியொரு குற்றச்சாட்டு இதுவரை வலுவாக எழவில்லை.

ஆனால் சிலர் ஒதுங்கியே இருக்க வேண்டும். ரத்த அழுத்தம் உள்ள ஒன்பது பேருக்குப் பத்து நாள் கொடுத்துப் பார்த்து 1995இல் வெளியிட்ட சிறிய ஆய்வில் சிறுநீர் அதிகரித்தது, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கின. ஏற்கெனவே இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ, அழுத்தத்துக்கு நீர்போக்கும் மாத்திரையோ எடுப்பவர் இதையும் சேர்த்துக்கொண்டு, பத்தியமென்று சாப்பாட்டையும் குறைத்தால் மயங்கி விழ வாய்ப்பிருக்கிறது. பெண் சுண்டெலிகளில் கருத்தரிப்பைத் தற்காலிகமாகத் தடுத்ததாகவும் ஓர் ஆய்வு உண்டு. மனிதருக்கு அது பொருந்துமா என்பது தனிக் கேள்வி, என்றாலும் கர்ப்பிணிகளும் கருவுற முயல்பவர்களும் ஒதுங்குவது நல்லது. இன்னொன்று, யாரும் பேசாதது: பச்சையாக அரைத்துக் குடிக்கும் மருந்து இது. வாய்க்கால் ஓரத்தில், எலிவளைக்குப் பக்கத்தில் பிடுங்கிய செடி. கழுவிய தண்ணீர் எது? மோர் கடைந்த தண்ணீர் எது? ஏ, இ வைரஸ்களும் எலிக்காய்ச்சல் கிருமியும் பரவுவது அசுத்த நீர் வழியாகத்தான். சாலையோரம் வளர்ந்ததில் வாகனப் புகையின் மாசும் சேரலாம். அரைக்கும் தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும் என்று எந்த வைத்தியக் குறிப்பும் வற்புறுத்திப் பார்த்ததில்லை.

கீழாநெல்லியோடு ஒட்டிக்கொண்டு வரும் மற்ற சடங்குகளுக்கு ‘பெரிய கெடுதல் இல்லை’ என்ற சலுகைகூடக் கிடையாது. மூக்கில் சாறு விடுவது, கண்ணில் பச்சிலை பிழிவது, கையில் சூடு போடுவது எல்லாம் கண்பார்வைக்கும் தோலுக்கும் செய்யும் கேடு. அவற்றைப் பாரம்பரியம் என்று பாதுகாக்க வேண்டியதில்லை.

உண்மையான ஆபத்து காலத்தில் இருக்கிறது. செடி விழுங்கும் ஏழு நாள், பதினைந்து நாள் எந்தக் காமாலைக்குக் கொடுக்கப்படுகிறது என்பதே கேள்வி. பித்தக்குழாயில் கல் அடைத்து, குளிர்காய்ச்சலும் வலியும் சேர்ந்தால், உள்ளே சீழ் பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். சில நாளில் உயிர் போகலாம். உடம்பெல்லாம் அரிப்பு, களிமண் போல வெளுத்த மலம், எடை இறக்கம், வலி இல்லாத மஞ்சள் என்றால் கணையப் புற்றுநோயை நினைக்க வேண்டும். காசநோய்க்கு மாத்திரை எடுப்பவருக்குக் காமாலை வந்தால் மாத்திரையே காரணமாக இருக்கலாம். அவர் அதை விழுங்கிக்கொண்டே கீழாநெல்லியும் குடித்தால் கல்லீரல் கெட்டுக்கொண்டே போகும். பயந்து மாத்திரையைத் தானே நிறுத்திவிட்டால் காசநோய் முற்றும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் ஹெபடைடிஸ் இ வந்தால் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து பேர் இறக்கக்கூடும். அந்தப் பெண்ணுக்கு வீட்டில் வைத்து மோர் கொடுத்துக்கொண்டிருக்க நேரமில்லை.

பச்சிளங்குழந்தைகள் விஷயம் இன்னும் கூர்மையானது. பிறந்த முதல் வாரம் மஞ்சளிப்பது பெரும்பாலும் இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேலும் தொடர்ந்து, மலம் வெளுத்திருந்தால் பித்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். கசாய் என்ற ஜப்பானிய மருத்துவரின் பெயரால் வழங்கும் அறுவைச் சிகிச்சை குடலைக் கல்லீரலோடு நேராக இணைத்துப் பித்தநீருக்கு வழிசெய்யும். அறுபது நாளுக்குள் செய்தால் பலன் அதிகம், தள்ளிப்போகப் போகக் குறையும். ‘காமாலைதானே, தாய்க்குக் கீழாநெல்லி கொடு, பிள்ளைக்குப் பால் வழியாகப் போய்விடும்’ என்று சொல்லிக் கழிக்கும் ஒவ்வொரு வாரமும் அந்த அறுபதிலிருந்து கழிகிறது.

எந்த வகை என்று கண்டுபிடிப்பதற்கு ஆகும் செலவு பெரிதல்ல. பிலிருபினில் எந்தப் பகுதி கூடியிருக்கிறது, கல்லீரல் நொதிகள் எவ்வளவு, ரத்தம் உறையும் நேரம் எவ்வளவு என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் ஒரே நாளில் பாதிக்குமேல் சொல்லிவிடும். பட்டம் பெற்ற சித்த மருத்துவர்களில் பொறுப்பானவர்கள் இந்தச் சீட்டைப் பார்க்காமல் மருந்து எழுதுவதில்லை. உறக்கக் கலக்கம், பேச்சுத் தடுமாற்றம், ஈறில் ரத்தம், ஓயாத வாந்தி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அவர்கள் நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். பிரச்சினை காணொளி பார்த்து வீட்டிலேயே அரைப்பவர்களிடம்.

சென்னை ஆய்வு தேடிய ஹெபடைடிஸ் பி நோயாளிகளின் நிலைமை இதற்கிடையில் முற்றிலும் மாறிவிட்டது. தடுப்பூசி 2011 முதல் நாடு முழுவதும் குழந்தைகளுக்கு அட்டவணைப்படி இலவசம். தொற்றியவர்களுக்கு டெனோஃபோவிர் போன்ற மாத்திரை வைரஸை அடக்கி வைக்கிறது. பிளம்பர்க்கின் பிறந்தநாளான ஜூலை 28 உலக ஹெபடைடிஸ் நாள். 2018இல் அதே நாளில் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்த நோய்க்கு இனிக் கீழாநெல்லியை நம்பி இருப்பதற்குக் காரணமே இல்லை.

அப்படியானால் இந்தச் செடியிடம் ஆராய என்ன மிச்சம்? இரண்டு இடம் தெரிகிறது. ஒன்று சிறுநீரகக் கல். பிரேசிலில் கால்சியம் கல் உருவாகும் 69 பேருக்கு மூன்று மாதம் கொடுத்தபோது, சிறுநீரில் கால்சியம் அதிகமாகப் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு அது குறைந்ததாக 2004இல் எழுதினார்கள். இத்தாலியில் அதிர்வலையால் கல் உடைத்த 150 பேரிடம் நடந்த ஆய்வில், சிறுநீரகத்தின் கீழ்ப்பகுதியில் இருந்த கல்துண்டுகள் வெளியேறுவதற்கு இது உதவியது போலத் தெரிந்தது. முடிந்த முடிவல்ல, தொடர்வதற்குத் தகுந்த தடயம்.

மற்றொன்று, நம் ஊர் எப்போதும் கேட்டுவந்த கேள்வி. பேர்பெற்ற சோதனைகள் எல்லாம் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி பற்றியவை. வரப்பில் செடி பிடுங்குபவர் அதற்காகப் பிடுங்கவில்லை; தண்ணீரால் வந்த சாதாரணக் காமாலை இரண்டு வாரம் முன்னதாக இறங்குமா, பசி சீக்கிரம் திரும்புமா என்பதே அவர் எதிர்பார்ப்பு. அதைச் சோதிப்பது கடினமல்ல. மழைக்காலத்தில் ஏ, இ என்று உறுதியான நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, இருவருக்கும் ஒரே ஓய்வு, ஒரே மோர்ச்சோறு. ஒரு பாதிக்கு மரபணுச் சோதனையில் அமாரஸ் என்று உறுதிசெய்த பொடி, மறு பாதிக்குக் கசப்பு தெரியாதபடி காப்ஸ்யூலில் அடைத்த வேறொரு பொடி. வாரம் ஒருமுறை பிலிருபின். கர்ப்பிணிகளையும் அபாய அறிகுறி உள்ளவர்களையும் முதல் நாளே விலக்கிவிட வேண்டும். தாம்பரத்துத் தேசிய சித்த நிறுவனமும் ஒரு மருத்துவக் கல்லூரியின் குடல்-கல்லீரல் பிரிவும் கைகோத்தால் ஓரிரு பருவத்தில் விடை கிடைத்துவிடும்.